சூரனுக்கு அப்பாவின்ரை பல்லு

மோனை,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டுக் கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு எழும்பிப் போனாய். பிட்டு ஒரு வாய்கூடச் சரியா உள்ளை போகேல்லை. சப்பாத்து லேசும் கட்டாமல் படியாலை இறங்கிப் போறதை நான் ஜன்னலுக்காலை பாத்துக்கொண்டு நிண்டனான். அப்பா உன்னட்டைக் கேட்டது ஒரு கேள்விதான். "தம்பி ஆர்? எங்கை இருந்து வாறியள்? இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." பெத்த பிள்ளையை வீட்டுக்கு வந்த பிறத்தி ஆள் மாதிரி மரியாதை போட்டுக் கூப்பிட்டால் ஆருக்குத் தாங்கும்? எனக்கும் நொந்ததுதான். ஆனா பேந்து டெலிபோனிலை சொன்னாய் பார், "அம்மா, என்னை ஆரெண்டே தெரியாத ஆளிட்டை நான் வந்து என்ன செய்யிறது?" எண்டு, அதுக்குத்தான் நான் டப்பெண்டு போனை வைச்சனான். கோவத்திலைதான் வைச்சனான். வைச்சிட்டுக் குசினியிலை நிண்டு அழுதனான். போனிலை கதைச்சால் நான் ஒண்டில் ஏசுவன், இல்லாட்டி அழுவன். எழுதினால் ரெண்டையும் செய்துகொண்டு சொல்ல வந்ததையும் சொல்லி முடிக்கலாம் எண்டுதான் பேனையைத் தூக்கினனான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலா வாசி.

நான் சொல்லப்போறது, அப்பாவை ஆரெண்டு உனக்குத் தெரியாமல் இருந்த காலத்தை. ஓம், உனக்குத்தான். முகமூடி உனக்கு ஞாபகம் இருக்கெண்டு தெரியும். கலியாணத்துக்கு முதல் உன்ரை மனிசிக்குப் பகிடியாச் சொல்லிக்கொண்டிருந்தாய், "அப்பா எனக்குச் சூரன் தலை செய்து தந்தவர், அமெரிக்கப் பெடியள் எல்லாம் வெருண்டு போச்சினம்" எண்டு. அந்தப் பகிடிக்கு முன்னாலை ஒரு கதை இருக்கு. ஆறு வயசுப் பிள்ளைக்கு அது மனசிலை தங்கியிருக்காது. எனக்கு அது ஒரு நாளும் மறக்காது.

அப்பா யாழ்ப்பாணத்திலை பல்லுக் கட்டுறவர். பஸ் ஸ்ராண்டுக்குப் பின்பக்கம் சின்னக் கடை, கதவைத் திறந்தால் மெழுகும் சாந்தும் மணக்கும். பல்லுப் போனவை வாயைப் பொத்திக்கொண்டு வருவினம், போகேக்கை றோட்டு நீளத்துக்குச் சிரிச்சுக்கொண்டு போவினம். ஊருக்கெல்லாம் நேர்வரிசையாப் பல்லுச் செய்து குடுத்த மனிசனுக்குத் தன்ரை வாயிலை ஒரு தெத்துப்பல்லு. இடப்பக்கம் மேலை, பக்கத்துப் பல்லிலை ஏறி இருக்கும். என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு அந்தத் தெத்துப்பல்லைக் கண்டுதான் நான் ஓம் எண்டனான். வீட்டிலை அப்பிடிச் சொல்லேலுமே? நல்ல தொழில் தெரிஞ்ச மனிசன், அதாலை பிடிச்சிருக்கு எண்டு சொல்லிச் சமாளிச்சனான். உனக்கு இதை இப்பதான் சொல்லுறன், நீ போய் உன்ரை மனிசிக்குச் சொல்லிச் சிரிக்காதை.

உனக்கு மூண்டு வயசு நடக்கேக்கை அவரை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. கடையிலை வைச்சுத்தான் பிடிச்சது, கையிலை ஆரின்ரையோ கீழ்ப்பல்லுச் செற்று இருந்ததாம். ஏன் பிடிச்சவங்கள் எண்டு கேக்காதை, அந்த நாளையிலை அதுக்கெல்லாம் காரணம் தேவைப்படேல்லை. தெற்கிலை ஒரு முகாமிலை உயிரோடை இருக்கிறார் எண்டு மட்டும் அறிஞ்சம். என்ரை அண்ணை காணியை வித்து உன்னையும் என்னையும் பிளேன் ஏத்தி விட்டார். கிழக்கு பேர்லினிலை இறங்கி, றெயினிலை மேற்குக்கு வந்து, அங்கை இஞ்சை எண்டு அனுப்பி அனுப்பிக் கடைசியிலை கார்ல்ஸ்ரூஹே எண்ட ஊரிலை ஒரு பழைய வீட்டு மேல்மாடியிலை ஒரு அறையும் குசினியும் தந்தாங்கள். அந்த அறைச் சுவரிலை நான் முதல் கொழுவினது சாமிப்படம் இல்லை, எங்கடை கலியாணப் படம். ஒவ்வொரு நாளும் காலமை உன்னைத் தூக்கிக் காட்டி "அப்பாவுக்கு வணக்கம் சொல்லு ராசா" எண்டுவன். கிண்டர்கார்ட்டன் போகத் துவங்கினாப்பிறகு நீ "மோர்கன், பாப்பா" எண்டுவாய். படத்திலை அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிப்பார். நீ அந்தத் தெத்துப்பல்லை விரலாலை தொட்டுப் பாப்பாய். நான் எத்தினை தரம் துடைச்சாலும் படக் கண்ணாடியிலை உன்ரை விரல் அடையாளம் இருக்கும்.

பேந்து ஒரு வருஷம் ஊரிலை சமாதான ஒப்பந்தம் எண்டு ஏதோ எழுதினாங்கள், உள்ளுக்கை இருந்தவையிலை கொஞ்சப்பேரை விட்டாங்கள். அப்பாவும் வெளியிலை வந்திட்டார். ஓடி ஆடி அலைஞ்சு, இலை உதிருற நேரம் இஞ்சை வந்து சேர்ந்தார். ஸ்ரேசனுக்கு உனக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனனான். றெயினாலை இறங்கின ஆளை எனக்கே ஒரு நிமிஷம் மட்டுக்கட்ட ஏலாமல் போச்சு. தலை நரைச்சு, கன்னம் ரெண்டும் உள்ளை போய், கோட்டுக்கை ஆளே இல்லை. உன்னைக் கண்டவுடனை "ராசா" எண்டு கூப்பிட வாயைத் திறந்தார். முன்வாயிலை ஒரு பல்லுமில்லை, மேலையும் இல்லை, கீழையும் இல்லை. அது எப்பிடிப் போனதெண்டு அவர் சொன்னதுமில்லை, நான் இண்டைவரைக்கும் கேட்டதுமில்லை. நீ என்ரை சீலைக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொண்டு குழறினாய், "தாஸ் இஸ்ட் நிஷ்ட் மைன் பாப்பா!" இது என்ரை அப்பா இல்லையாம். ஸ்ரேசனிலை நிண்ட சனமெல்லாம் திரும்பிப் பாத்தது. அப்பாவுக்கு அப்ப இந்த நாட்டு டொச் பாஷையிலை ஒரு சொல்லும் தெரியாது. "என்னவாம் பிள்ளை?" எண்டு என்னட்டைக் கேட்டார். "நித்திரை வருதாம்" எண்டு நான் பொய் சொன்னனான். அவர் கையாலை வாயைப் பொத்தினார். அதுக்குப் பிறகு அந்தக் கை அந்த வாயிலை இருந்து இறங்கவேயில்லை. கதைக்கிறதும் கைக்குப் பின்னாலை, சாப்பிடுறதும் சுவரைப் பாத்துக்கொண்டு.

ஒரே அறைக்கை நாங்கள் மூண்டு பேர் இருந்த அந்த நாளுகள் இருக்கே, என்ரை எதிரிக்கும் வரக்கூடாது. நீ தலகணியாலை நடுவிலை மதில் கட்டிப்போட்டுத்தான் படுப்பாய். அவர் கரண்டி தொட்ட சாப்பாட்டைத் தொடமாட்டாய். காலமையிலை வழமை போலை படத்துக்கு "மோர்கன், பாப்பா" எண்டுபோட்டு, கீழை கதிரையிலை இருக்கிற ஆளை ஓரக்கண்ணாலை பாத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய். எனக்கு விசர் வரும். "போடா, போய் அப்பாட்டை இரு" எண்டு பிடிச்சுத் தள்ளியும் பாத்தனான். அப்பா தடுத்துப்போட்டார். "விடப்பா. அவனுக்கு என்னைத் தெரியேல்லை. எனக்கு அவனைத் தெரியும்தானே. இப்போதைக்கு அது காணும்." எனக்கு அண்டைக்கு அவரிலையும் கோவம் வந்தது. என்ன மனிசன் இவர், ரெண்டு வார்த்தை ஏசக்கூடாதோ, ஒருக்கா அழக்கூடாதோ எண்டு. இப்பதான் அந்தச் சொல்லின்ரை பாரம் எனக்கு விளங்குது. அதைத்தான் உனக்கு எழுதக் குந்தியிருக்கிறன்.

எங்களுக்குக் கீழை ஹைகே எண்டு ஒரு டொச்காரி இருந்தவள், உனக்கு நினைவிருக்கும். அவளின்ரை புருஷன் அமெரிக்க ஆமிக்காரன். அவளின்ரை மகன் டேனியும் நீயும் ஒரே வகுப்பு. ஒக்டோபர் கடைசியிலை ஒரு நாள் நீ சந்தோசப் புழுகத்தோடை படி ஏறி ஓடி வந்தாய். அமெரிக்க ஆமிக் குடியிருப்பிலை பிள்ளையள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாப் போவினமாம், இனிப்புக் குடுப்பினமாம், டேனி உன்னையும் வரச் சொன்னவனாம். அதுக்கு 'ஹலோவீன்' எண்டு பேராம். அப்ப டொச்காரருக்கே உது வடிவாத் தெரியாது. பூசணிக்காயிலை கண்ணு மூக்கு வெட்டி விளக்கு வைக்கிறதெண்டு ஹைகே சொல்ல, "கண்ணூறு கழிக்கிறது போலை" எண்டு நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி விளங்கிக்கொண்டன். உனக்கு மொன்ஸ்டர் முகம் வேணுமாம். கடையிலை விக்கிறது வேண்டாமாம், டேனிக்குச் செய்த மாதிரி வீட்டிலை செய்தது வேணுமாம். ஹைகே நல்லவள், டேனிக்குச் செய்து மிஞ்சின றப்பர் பால் ஒரு போத்தலும், கை முறிஞ்சால் சுத்திற கிப்ஸ் துணிச் சுருளும் கொண்டுவந்து தந்திட்டுப் போனாள். போத்தலைத் திறந்தன், பூனை மூத்திரம் மாதிரி ஒரு நாத்தம். "கண்டறியாத பேய்ப் பெருநாள், இதை ஆரடா செய்யிறது" எண்டு பேசிக்கொண்டு மூடப் போனன்.

"இஞ்சை கொண்டாரும்" எண்டு கதிரையிலை இருந்து சத்தம் வந்தது. அப்பா எழும்பி வந்து கிப்ஸ் துணியை விரலாலை உரசிப் பாத்தார், பாலை ஒரு சொட்டு நகத்திலை விட்டுக் காய விட்டு இழுத்துப் பாத்தார். வந்த நாளிலை இருந்து மடியிலை சும்மா கிடந்த கையள் மோனை. அந்தக் கையளுக்கு உயிர் வந்ததை நான் கண்ணாலை கண்டன். "முகமூடி செய்யிறதெண்டால் முதல் ஒரு முகம் வேணும்" எண்டார். "தம்பி படுத்தால் அவன்ரை முகத்திலை அச்செடுக்கலாம்." நீ மேசைக்குக் கீழை பூந்திட்டாய். அவர் தொடப்போறார் எண்டவுடனை மொன்ஸ்டரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நான் குனிஞ்சு இழுக்கப் போக, அவர் "சத்தம் போடாதையும்" எண்டு சொல்லிப்போட்டு, தலகணியை எடுத்து நிலத்திலை போட்டு மல்லாந்து தானே படுத்திட்டார். "அப்ப என்ரை முகத்திலை அவன் எடுக்கட்டும். கிப்ஸ் போட்டால் நான் கதைக்கேலாது, கண் முழிக்கேலாது, ஆடேலாது எண்டு அவனுக்கு விளங்கச் சொல்லும்." கிப்ஸ் ஒட்டாமல் இருக்க வாசலின் களிம்பைப் புருவத்திலையும் மீசையிலையும் பூசிக்கொண்டு கண்ணை மூடினார். கையிரண்டையும் பக்கத்திலை நீட்டி வைச்சார். வாயைப் பொத்த அண்டைக்கு அவருக்குக் கையில்லை.

நீ மேசைக்குக் கீழை இருந்து ஒரு காலை நீட்டி அவரின்ரை காலைத் தட்டிப் பாத்தாய். அசைவில்லை. தவண்டு வந்து அவரைச் சுத்தி ஒருக்கா நடந்தாய். "உண்மையா ஆடமாட்டாரோ?" எண்டு என்னட்டைக் கேட்டாய். "ஆடமாட்டார்." "சத்தியமா?" "அம்மாளாச்சி சத்தியமா." நான் துணியைத் துண்டு துண்டா வெட்டி இளஞ்சூட்டுத் தண்ணியிலை நனைச்சுத் தர, முதல் துண்டை நெத்தியிலை எறிஞ்சுபோட்டு ஓடினாய். ரெண்டாந்துண்டை வைச்சாய். மூண்டாந்துண்டைத் தடவினாய். அதுக்குப் பிறகு நான் உங்களுக்கு நடுவிலை ஆளில்லை. நெத்தித் தழும்பிலை விரலாலை ஓடினாய், மூக்குத் தண்டைப் பிடிச்சுப் பாத்தாய், மூக்குத் துவாரத்தை மட்டும் மூடாமல் கவனமா விலத்தி விலத்தி ஒட்டினாய். கன்னம் பள்ளமாப் போயிருந்த இடத்திலை ஒரு துண்டுக்கு மேலை இன்னொரு துண்டு வைச்சாய், பள்ளத்தை நிரப்பிற மாதிரி. ஒரு கிழமைக்கு முதல் அந்த ஆள் தொட்ட கரண்டியைக் கழுவச் சொன்ன பிள்ளை. நான் நனைச்ச துணியை ஒவ்வொண்டா உனக்கு நீட்டிக்கொண்டு இருந்தனான். உங்கள் ரெண்டு பேரிலை ஆரைப் பாக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

வாய்க்கு வந்தவுடனை நிண்டிட்டாய். "அம்மா, இவரின்ரை பல்லு எங்கை?" கேட்டே போட்டாய். இவ்வளவு நாளும் அந்த அறைக்கை ஆரும் கேக்காத கேள்வி. "கெட்டவங்கள் உடைச்சுப் போட்டாங்கள் ராசா." "நொந்ததோ?" "நொந்திருக்கும்." பேந்து ஆகச் சின்னத் துண்டா ஒண்டைத் தெரிஞ்செடுத்து, ஊதி ஊதி, புண்ணுக்கு மருந்து போடுற மாதிரி அந்த வாயிலை வைச்சாய். அப்ப அவரின்ரை கண்ணோரத்தாலை ஒரு கோடு தண்ணி காதுப் பக்கம் வழிஞ்சது. "தண்ணி வருது!" எண்டு கத்திப்போட்டு உன்ரை சட்டைக் கையாலை துடைச்சு விட்டாய். அவர் ஆடேல்லை. சொன்ன சொல்லுக்கு அப்பிடியே மரக்கட்டை மாதிரிக் கிடந்தார். எனக்குத் தெரியும், அந்த நேரம் ஆடாமல் கிடக்கிறதுக்கு அந்த மனிசன் என்ன பாடு பட்டிருப்பார் எண்டு.

கிப்ஸ் இறுகினாப்பிறகு அவர் எழும்பி இருந்து முகத்தைச் சுழிச்சு மெல்லக் கழட்டினார். வெளிப்பக்கம் முழுக்க உன்ரை சின்ன விரல் தடவின அடையாளம், உள்பக்கம் அப்பா. உள்பக்கம் எங்களைப் பாக்கிற மாதிரி அதைச் சுவரிலை சாத்தி வைச்சார். நீ எட்டிப் பாத்தாய். பாத்தபடி இந்தப் பக்கம் நடந்தாய், அந்தப் பக்கம் நடந்தாய். திடீரெண்டு "அம்மா! தலை திருப்பிறார்! நான் போற பக்கமெல்லாம் பாக்கிறார்!" எண்டு குழறினாய். விசர்க்கதை எண்டு நானும் வந்து பாத்தன். உண்மைதான் மோனை! குழிஞ்ச கோது, உள்ளுக்கை ஒண்டுமில்லை, ஆனா நான் நடக்க நடக்க அந்த முகம் எனக்குப் பின்னாலை திரும்புது. நான் சாமியறை வாசலிலை நிக்கிற மாதிரிக் கைகூப்பிப் போட்டன். அப்பா கைக்குப் பின்னாலை சிரிச்சார். "அச்செண்டால் அப்பிடித்தான். குழியா இருக்கிறது கண்ணுக்குப் புடைச்சுத் தெரியும், ஆள் நடக்க அதுவும் திரும்பிற மாதிரி இருக்கும்" எண்டு சொன்னார். நீ அவர் சொன்னதைக் காதிலை வாங்கேல்லை. கோதுக்கு முன்னாலை இடமும் வலமுமா நடந்துகொண்டே இருந்தாய்.

அந்தக் கோதுக்கை சாந்து வார்த்து அப்பாவின்ரை தலை எடுத்து, அதுக்கு மேலை களிமண்ணாலை மொன்ஸ்டரைப் பிடிக்கத் துவங்கினார். மொன்ஸ்டர் எண்டால் அவருக்கு எது தெரியும்? கோயில் சூரன்தான். முழுசுற கண்ணு, முறுக்கு மீசை, நெத்தியிலை மூண்டு குறி திருநீறு. நானெண்டால் அப்ப கந்தசஷ்டி விரதம், பாலும் பழமும்தான். அவர் வெளியிலை வரவேணுமெண்டு நேந்த விரதம். "சூரனை முருகன் வதைக்கிற கிழமையிலை நீங்கள் வீட்டுக்கை சூரனை உருப்பிடிக்கிறியளோ?" எண்டு துள்ளினன். "வதைக்கிறதுக்கு முதலிலை ஒரு சூரன் வேணுமெல்லோ?" எண்டார். நான் சாமிப்படத்தை மற்றப் பக்கம் திருப்பி வைச்சிட்டன். ரெண்டு கையும் களிமண்ணுக்கை, வாயைப் பொத்த ஏலாது, நீயோ பக்கத்திலை முழங்காலிலை குந்திக்கொண்டு கேள்வி மேலை கேள்வி. சூரனை எப்பிடிப் பெடியள் தோளிலை தூக்கி ஆட்டுறது, ஆனைத் தலையைக் கழட்டிச் சிங்கத் தலை மாட்டுறது, தானும் இளந்தாரியா இருக்கேக்கை சூரனைத் தூக்கிற கொம்பு பிடிச்சது, எல்லாம் பல்லில்லாத வாயாலை உனக்குச் சொன்னார். நீ அந்த வாயையே பாத்துக்கொண்டிருந்தாய். வெருளேல்லை.

கடைசியாப் பல்லு. அதிலைதானே அவரின்ரை உசிர் கிடக்கு. "நீளப் பல்லு வையுங்கோ, ரத்தம் வடியட்டும்" எண்டு நீ சொல்ல, அவர் சின்னக் கத்தியாலை ஒவ்வொண்டாச் செதுக்கினார். பொழுதுபட நான் தேத்தண்ணியோடை வந்து எட்டிப் பாத்தன். சூரன்ரை வாய்க்கை, இடப்பக்கம் மேலை, பக்கத்துப் பல்லிலை ஏறின ஒரு தெத்துப்பல்லு. அவர் வேணுமெண்டு வைச்சவரோ, கை தானா வைச்சதோ, எனக்குத் தெரியாது. நீயும் கண்டாய். கண்டு, கதிரையிலை ஏறிக் கலியாணப் படத்தைக் கழட்டி, களிமண்ணுக்குப் பக்கத்திலை வைச்சாய். படத்துப் பல்லிலை விரல் வைச்சாய், சூரன்ரை பல்லிலை விரல் வைச்சாய். பேந்து அவரை நிமிர்ந்து பாத்தாய். நீ அவரை முழுசா முகத்துக்கு நேரை பாத்தது அண்டைக்குத்தான். படத்தைத் திரும்பக் கொழுவிப்போட்டு வந்து அவருக்குப் பக்கத்திலை ஒட்டிக்கொண்டு இருந்தாய். நானும் தேத்தண்ணியை வைச்சிட்டுக் குசினிக்குப் போனன். அங்கை போய்த்தான் வாயை மூடிக்கொண்டு அழுதன்.

களிமண்ணிலை இருந்து திரும்ப அச்செடுத்து, அந்த அச்சுக்கை றப்பர் பாலைப் பூசிப் பூசி, ஹீற்றருக்குப் பக்கத்திலை காய வைச்சு, கடைசியிலை பவுடர் தூவி உரிச்சார். சூரன் முதலிலை சுருங்கின தோலா வந்தான், பேந்து ஒரு உதறு உதற மூக்கு, கண்ணு, மீசை, பல்லு எல்லாம் பொத்தெண்டு வெளியிலை வந்தது. நீ கைதட்டிக் குதிச்சாய். நான் விரதத்தையும் மறந்து "அம்மாடி!" எண்டு கத்திப்போட்டன். ஆனா ஊருக்கெல்லாம் அளவெடுத்த மனிசன் உன்ரை தலைக்கு அளவெடுக்கேல்லை, எடுக்க நீயும் விடேல்லையே. மாட்டிப் பாத்தால் சூரன்ரை கண் ஓட்டை உன்ரை நெத்திக்கு மேலை. நீ சூரன்ரை வாய்க்குள்ளாலைதான் பாத்தாய். அப்பாவின்ரை பல்லுக்குப் பின்னாலை உன்ரை கண் ரெண்டும் மினுங்கினது இப்பவும் எனக்கு அப்பிடியே தெரியுது.

ஹலோவீன் அண்டைக்கு உன்ரை தலைக்கு எண்ணெய் அப்பி இழுத்தது நான்தான். பிள்ளையை வெளியிலை விடேக்கை தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடுற தாய் எங்கடை ஊரிலை இருக்கோ? அந்த எண்ணெய் றப்பரைத் தின்னுமெண்டு ஆர் கண்டது? அமெரிக்கக் குடியிருப்பிலை முதல் வீட்டுக் கதவு திறந்தது. டேனி பச்சைப் பேய், மற்றதுகள் எலும்புக்கூடு, சூனியக்காரி. அந்த வீட்டு மனிசி, அவளும் ஹைகே மாதிரி டொச்காரிதான், ஒவ்வொருத்தரையும் "நீ ஆர்?" எண்டு டொச்சிலை கேட்டு இனிப்புப் போட்டாள். திருநீறு பூசின சூரனைக் கண்டு அவளுக்கு ஒண்டும் விளங்கேல்லை. "நீ ஆரப்பா?" எண்டு குனிஞ்சாள். நாங்கள் ரெண்டு பேரும் வேலிக்கு வெளியிலை நிண்டனாங்கள், அப்பா வழமை போலை வாயிலை கை. நீ நெஞ்சை நிமித்திக்கொண்டு உரத்துச் சொன்னாய். "இஷ் பின் மைன் பாப்பா!" நான்தான் என்ரை அப்பா.

மனிசி விழுந்து விழுந்து சிரிச்சாள். நீ சிரிக்கேல்லை. முகமூடியை நெத்திக்குத் தூக்கிவிட்டு, எங்கடை பக்கம் கையை நீட்டி, "அந்தா நிக்கிறார். அவரின்ரை பல்லு இப்ப என்னட்டைத்தான் இருக்கு" எண்டு விளங்கப்படுத்தினாய். அப்பா "என்னவாம்?" எண்டு கேட்டார். இந்தமுறை நான் பொய் சொல்லேல்லை, சொல்லுக்குச் சொல்லுத் தமிழிலை சொன்னன். அவரின்ரை கை வாயிலை இருந்து இறங்கினது. அந்த நடு றோட்டிலை, ஆமிக்காரர் குடியிருக்கிற றோட்டிலை, அந்த மனிசன் பல்லில்லாத வாயை ஆவெண்டு திறந்து சிரிச்சார் பார், எனக்கு அந்தப் பொம்பிளை பாத்த நாள் திரும்ப வந்தமாதிரிக் கிடந்தது. மிச்ச வீடெல்லாம் நீ அவரின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டுதான் போனாய்.

எண்ணெய் பட்ட சூரன் ஒரு கிழமையிலை பிசுபிசுத்து ஒட்டிப் போனான். நீ அழுதாய், அப்பா என்னைக் காட்டி உன்னட்டை "சூரனை வதைச்சது முருகன் இல்லை, உன்ரை அம்மாதான்" எண்டு பகிடி விட்டார். பேந்து அரசாங்கம் வேலை செய்ய விட்டாப்பிறகு இஞ்சையே பல்லுச் செய்யிற இடத்திலை வேலை எடுத்து, தனக்கும் ஒரு செற்றுச் செய்தார். அதிலை ஒரு பல்லைக் கோணலா வைச்சிருக்கிறார் எண்டு முதலாளி திருத்தச் சொன்னாராம். "என்ரை மகன் இதை வைச்சுத்தான் என்னை மட்டுக்கட்டிறவன்" எண்டு சொல்லிப்போட்டாராம்.

இப்ப அந்தச் செற்றைத் தண்ணிக் கிண்ணத்திலை போட்டால் எடுத்து மாட்ட மறக்கிறார். என்னையும் சில நாளிலை "அக்கா" எண்டு கூப்பிடுறார், நானும் "ஓம் தம்பி" எண்டுபோட்டுத் தேத்தண்ணி குடுக்கிறன். ஆனா ஒண்டு கேள். இடியப்பத்துக்கு மா குழைச்சு வைச்சால், அதிலை கொஞ்சம் பிச்செடுத்து, பெருவிரலாலை அமத்தி, நகத்தாலை கீறி, பல்லுச் செய்து ஜன்னல் விளிம்பிலை வரிசையா அடுக்கி வைக்கிறார். ஒரு பல்லும் பிழையில்லை. பேரெல்லாம் போச்சு, முகமெல்லாம் போச்சு, கை ஒண்டையும் மறக்கேல்லை. நான் குசினியிலை நிண்டு அதைப் பாத்துக்கொண்டே இருப்பன், இடியப்பம் பிழியவும் மனம் வராது.

நீ ஒட்டின கிப்ஸ் கோது அலுமாரிக்கை பழஞ்சீலையிலை சுத்திப் பத்திரமாக் கிடக்கு. உனக்கெண்டுதான் வைச்சிருக்கிறன், ஆனா தபாலிலை அனுப்பமாட்டன், வந்து எடு. வாற ஞாயிறு வா. வரேக்கை மருந்துக்கடையிலை கிப்ஸ் துணி வாங்கிக்கொண்டு வா, தாடியை வழிச்சுப்போட்டு வா, வாசலின் என்னட்டை இருக்கு. அவர் "தம்பி ஆர்?" எண்டு கேட்டால் குழம்பாதை, தேத்தண்ணியைக் குடி. பேந்து முன் அறை நிலத்திலை தலகணியைப் போட்டு மல்லாந்து படு. நான் துணியை நனைச்சு அவரின்ரை கையிலை குடுப்பன். கண்ணை மூடு, கதைக்காதை, கையைப் பக்கத்திலை நீட்டி வை. உன்ரை நெத்தியை, மூக்கை, வாயை அவர் ஆறுதலாத் தடவிப் பாக்கட்டும். உனக்குக் கண்ணாலை தண்ணி வரும், வரட்டும், ஆடாதை. அவருக்கு உன்னைத் தெரியேல்லை. உனக்கு அவரைத் தெரியும்தானே. இப்போதைக்கு அது காணும் மோனை.

அம்மா